‘ரசீது கொடுத்தார்களா?’: ஓய்வுபெற்ற ரைட்டரிடம் சில கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டக் காவல்துறையில் இருபத்தேழு வருடம் இருந்தவள் நான். அதில் பதினான்கு வருடம் ரைட்டர் மேசையில் கழிந்தது. மனு வாங்குவது, ரசீது கொடுப்பது, வழக்கு எழுதுவது, இதுதான் வேலை. ஓய்வுக்குப் பிறகு, ஸ்டேஷன் படி ஏறத் தயங்கும் பிள்ளைகளுக்குத் துணையாகப் போய் வருகிறேன். அவர்களில் பலர் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள். அவர்களும், அவர்கள் வீட்டாரும், பணியில் இருக்கும் ஓரிரு போலீஸ்காரர்களும் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன். நான் வழக்கறிஞர் அல்ல. ஸ்டேஷன் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்ன நடக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அக்கா, வயது 26, நாகர்கோவிலில் வேலை பார்க்கிறேன். டேட்டிங் செயலியில் மூன்று வாரம் பேசிய ஒருவர் ஆரல்வாய்மொழிப் பக்கம் வரச் சொன்னார். போனேன். நான்கு பேர் நின்றார்கள். அடித்து, கைப்பேசியிலேயே 18,000 ரூபாய் அனுப்ப வைத்தார்கள். செயினையும் பறித்துக்கொண்டார்கள். போலீஸுக்குப் போனால் அப்பாவுக்கு வீடியோ போகும் என்று மிரட்டினார்கள். நான்கு நாள் ஆகிவிட்டது. போகலாமா?

போங்கள், தம்பி. அந்தக் கும்பல் கத்தியை நம்பித் தொழில் செய்யவில்லை, உங்கள் அப்பாவை நம்பிச் செய்கிறது. நீங்கள் வாய் திறக்க மாட்டீர்கள் என்பதுதான் அவர்கள் போட்ட முதல். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் பேசாமல் வீட்டுக்குப் போனார்களோ தெரியாது.

முதலில் இணையப் பண மோசடிக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் பணம் போன கணக்கைச் சொல்லுங்கள். அன்றே சொல்லியிருந்தால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம், ஆனாலும் இப்போதும் சொல்ல வேண்டும். உரையாடலை அழிக்காதீர்கள். வெட்கத்தில் செயலியையே நீக்கிவிடுகிறார்கள், ஆதாரமும் அதோடு போய்விடுகிறது.

மனுவில் உங்கள் வாழ்க்கை வரலாறு தேவையில்லை. ‘இந்தச் செயலி மூலம் அறிமுகமான நபரைச் சந்திக்க, இந்தத் தேதி மாலை 7 மணிக்கு இந்த இடத்துக்குச் சென்றேன்’ என்று தொடங்குங்கள். யார் அடித்தார்கள், என்ன சொல்லி மிரட்டினார்கள், எந்த எண்ணுக்குப் பணம் போனது, செயின் எத்தனை பவுன், அவ்வளவுதான். மிரட்டிப் பறித்தலுக்குப் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 308, கொள்ளைக்கு 309. பிரிவை நீங்கள் எழுத வேண்டியதில்லை, அது ரைட்டர் வேலை. தெரிந்து வைத்துக்கொண்டால் குரல் நடுங்காது.

‘அங்கே நீ எதற்குப் போனாய்?’ என்று கேட்பார்கள். சிலர் விசாரணைக்காகக் கேட்பார்கள், சிலர் கேலிக்காகக் கேட்பார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்: ‘சந்திக்கப் போனேன்.’ வயது வந்த இருவர், ஒரே பாலினத்தவர் ஆனாலும், விருப்பத்தோடு தனிமையில் உறவு கொள்வதே குற்றம் அல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தின் 377-ஆவது பிரிவைப் போடுவேன் என்று இன்றைக்கும் மிரட்டுகிறவர் இருக்கிறார். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உரையாடல் ஆதாரம் என்றால் அதை யாராவது படிக்கத்தான் செய்வார்கள். கைப்பேசியைக் கைப்பற்றினால், அதைக் குறித்து எழுதும் மகஜரின் நகல் கேளுங்கள். ‘விசாரணைக்கு இந்த எண்ணில் அழைக்கவும், வீட்டுக்கு வர வேண்டாம்’ என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்குச் செய்தி போவது கும்பலால் அல்ல, சம்மனோடு வந்து கதவைத் தட்டும் போலீஸ்காரரால்தான். அவர் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை, மனுவில் இருந்த முகவரிக்கு வருகிறார்.

கடைசியாக, ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள்.

அடித்ததோடு நிறுத்தவில்லை, அம்மா. அதற்கு மேலும் நடந்தது. அதை எழுதலாமா? (ஆண், வேறு ஊர்)

எழுதுங்கள். முதலில் மருத்துவமனைக்குப் போங்கள், உடைகளைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். சட்டத்தில் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. புதிய சட்டத்தின் பாலியல் வன்கொடுமைப் பிரிவு பெண் பாதிக்கப்பட்டால் மட்டுமே பொருந்தும். விருப்பமில்லாமல் ஆணுக்கு நடப்பதைத் தண்டிக்க மிச்சமிருந்தது 377-இன் ஒரு பாதி, அதையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். ஆகவே காயம், அடைத்து வைத்தல், மிரட்டல் என்று சுற்றி வளைத்துத்தான் வழக்குப் போட முடியும். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். அதற்காக நடந்ததை எழுதாமல் விடாதீர்கள். எழுதினால்தான் எந்தப் பிரிவு பொருந்தும் என்று யாராவது யோசிப்பார்கள்.

நாங்கள் இரண்டு பெண்கள், இருவருக்கும் 23 வயது. ஒருத்தியின் வீடு குளச்சல் பக்கம். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, போய்விடப் போகிறோம். காணவில்லை என்று மனு கொடுத்தால் போலீஸ் பிடித்துக் கொண்டுவந்து வீட்டில் விடுவார்களா?

2021-க்கு முன்பு கேட்டிருந்தால், பெரும்பாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த வருடம் மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் இப்படியே சென்னைக்குப் போனார்கள். பெற்றோர் மனு கொடுத்தார்கள், போலீஸ் தேடிப் போனது, அந்தப் பெண்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். காணாமல் போன மனுவை விசாரிக்கும்போது, இருவரும் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு சேர்ந்து போயிருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொல்லை கொடுக்காமல் மனுவை முடித்துவிட வேண்டும். இது தமிழ்நாட்டின் எல்லா ஸ்டேஷனுக்கும் பொருந்தும்.

புறப்படும் முன்பு செய்ய வேண்டியது: வயதைக் காட்டும் அசல் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ‘என் விருப்பத்தோடு போகிறேன், யாரும் கடத்தவில்லை’ என்று ஆளுக்கொரு கடிதம் எழுதி, எஸ்.பி. அலுவலகத்துக்கும் உள்ளூர் ஸ்டேஷனுக்கும் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நகையைத் தொடாதீர்கள். உங்கள் பெயரில் வாங்கியதாக இருந்தாலும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள். காணாமல் போன மனு நிற்காது என்று தெரிந்ததும் அடுத்து வருவது நகைத் திருட்டுப் புகார்தான். அந்த யோசனையைச் சொல்லிக் கொடுப்பதற்கு ஸ்டேஷன் வாசலிலேயே ஆள் இருக்கும். சில நாள் உள்ளேயும் இருக்கும்.

நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உள்ளே இருந்தவள் நான்தான்.

2007-இல், மாவட்டத்தின் மேற்கே ஒரு மகளிர் காவல் நிலையம். இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி நர்சிங் படித்தவள். இன்னொருத்தி முந்திரி ஆலையில் தோல் உடைப்பவள். எங்கள் பக்கத்தில் அதை அண்டி ஆபீஸ் என்போம். திருவனந்தபுரத்தில் ஒரு வாரம் வாடகை வீட்டில் இருந்திருக்கிறார்கள். இருவரும் வயது வந்தவர்கள், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அன்று 377 இருந்தது, ஆனால் அந்தப் பிரிவை நான் புரட்டிப் பார்க்கக்கூட இல்லை. தேவைப்படவில்லை. ‘இனி ஒருவரை ஒருவர் சந்திக்க மாட்டோம்’ என்று என் கையால் இரண்டு தாளில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்துக் கேட்டேன். அண்டிப் பால் பட்டுக் கறுத்துப்போன விரல்கள் அவளுக்கு. பேனாவைப் பிடித்தாள், வைத்தாள், மறுபடி பிடித்தாள். ‘சீக்கிரம் போடு, பஸ் போய்விடும்’ என்றேன். எந்த பஸ், யாருக்கு பஸ் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏதோ சொல்ல வேண்டும் என்று சொன்னேன்.

நர்சிங் படித்தவளுக்கு அடுத்த மாதமே கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். மற்றவளை ஏழெட்டு வருடம் கழித்துக் குழித்துறையில் பஸ்ஸில் பார்த்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது, உட்காரப் போனேன். முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து, மார்த்தாண்டம் வரை நின்றுகொண்டே வந்தாள்.

அப்படி எழுதி வாங்கிய தாளுக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. யார் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். ‘மாஜிஸ்திரேட் முன்னால் சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

என் மகன் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டான். அவனைப் போலீஸ் பிடிக்குமா? மார்த்தாண்டம் பக்கம் ஒரு டாக்டர் மாற்றிவிடலாம் என்கிறாரே?

பிடிக்காது, தங்கச்சி. அதில் குற்றமே இல்லை. மாற்றுவதாகச் சொல்கிறவரிடம் அழைத்துப் போகாதீர்கள். அப்படிச் சிகிச்சை கொடுப்பது தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே அறிவித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990-இல். உங்களுக்கு மனது தாங்கவில்லை என்றால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் நீங்கள் பேசுங்கள். அவன் உங்களிடம் வந்து சொன்னானே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேடம், நான் பணியில் இருக்கும் உதவி ஆய்வாளர். மேலிடத்தில் சொன்னார்கள் என்று தன்பாலீர்ப்பாளர்களுக்காக ஸ்டேஷன் மாடியில் நல்லுறவுக் கூட்டம் வைத்தோம். டீ, வடை எல்லாம் வாங்கி வைத்தும் ஒருவர்கூட வரவில்லை. அவர்களுக்குத்தான் எங்கள் மேல் நம்பிக்கை இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

வாசலில் படம் எடுக்க ஆள் நின்றாரா, தம்பி? மறுநாள் செய்தித்தாளில் படம் வரும் கூட்டத்துக்கு, வீட்டுக்குத் தெரியாமல் வாழ்கிறவர் எப்படி வருவார்? எந்த வேளையில் எந்த ஸ்டேஷன் படியில் யார் ஏறினார் என்பது சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குத் தெரிந்துவிடுகிற மாவட்டம் இது.

கூட்டத்தை விடுங்கள். உங்கள் ரைட்டர் மனுவை எப்படிப் படிக்கிறார் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று கேளுங்கள். சத்தமாகப் படிப்பார். நானும் அப்படித்தான் படித்தேன். எதிரில் வாய்க்கால் தகராறுக்காரர், பெஞ்சில் குடிபோதை வழக்கு, பாராவில் நிற்கும் காவலர், அத்தனை பேர் காதிலும் விழும். அந்த மனுவில் ‘என் நண்பருடன்’ என்று ஒரு சொல் இருந்தால், படிப்பவர் அங்கே நிறுத்தி நிமிர்ந்து பார்ப்பார். வந்தவர் அந்த இடத்திலேயே மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடுவார். மனதுக்குள் படிக்கச் சொல்லுங்கள். ஆய்வாளர் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். இதற்கு அரசாணை வேண்டாம், செலவும் இல்லை.

வீட்டாருக்குச் சொல்லிவிடுவேன் என்பதை விசாரணைக் கருவியாக வைத்திருப்பவர் எல்லா ஸ்டேஷனிலும் ஒருவராவது உண்டு. அவர் யார் என்று உங்களுக்கே தெரியும். 2022-இல் நம் நடத்தை விதிகளில் 24-சி என்று புதிதாகச் சேர்த்தார்கள். இந்தச் சமூகத்தினரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ எந்தப் போலீஸ்காரரும் துன்புறுத்தக் கூடாது. சட்டப்படியான விசாரணை துன்புறுத்தல் ஆகாது என்ற விளக்கமும் அதிலேயே இருக்கிறது, ஆகவே கை கட்டிவிட்டார்கள் என்று புலம்ப இடமில்லை. காலை ரோல்காலில் ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள், போதும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவருக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற ஊர்ப் பகுதியில் நடந்ததைச் சொல்வேன். 2014, 2015-இல் பதினைந்தே மாதத்தில் தன்பாலீர்ப்பு கொண்ட நான்கு இளைஞர்கள் இறந்து கிடந்தார்கள், மூன்று பேர் ஒரே தேவாலயக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி. இருவரின் உடலைக் கண்டெடுத்தது நாயோடு நடக்கப்போன ஒரே பெண்மணி. அளவு மீறிய போதைப்பொருள் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. நண்பர்களும் வீட்டாரும் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியாக இறந்தவரின் சகோதரிகள் விடாமல் துரத்திய பிறகுதான் கேமரா காட்சியில் கூட இருந்தவனைத் தேடினார்கள். செயலியில் அழைத்து மயக்கமருந்து கொடுத்துக் கொன்ற ஒரே ஆள் அவன். காவல்துறையின் தவறுகள் மூன்று சாவுகளுக்குப் பெரும்பாலும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று 2021-இல் மரண விசாரணை ஜூரி சொன்னது. ஆரல்வாய்மொழிப் பையனின் கேள்வியை மேலே படித்தீர்களா? அந்த நான்கு பேர் இன்று யாருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

முதல் அடி யார் வைப்பது என்பதிலும் எனக்குக் குழப்பம் இல்லை. லத்தி யார் கையில் இருக்கிறதோ அவர்தான். நியூயார்க்கில் 1969-இல் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் விடுதியில் போலீஸ் செய்த சோதனைக்கு அந்த நகரக் காவல் ஆணையர் மன்னிப்புக் கேட்டது 2019-இல், ஐம்பது வருடம் கழித்து. நாம் அவ்வளவு காத்திருக்க வேண்டாம்.

வடையை யார் சாப்பிட்டார்கள்?

இரவு ஒன்பது மணிக்கு முட்டம் கடற்கரையில் நானும் நண்பனும் உட்கார்ந்திருந்தோம். ரோந்து வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு அனுப்புவோம் என்றார்கள். 500 ரூபாய் கொடுத்து வந்தோம்.

பெயர், ஊர், எதற்கு வந்தீர்கள் என்று கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, சொல்லிவிடுங்கள். படமும் பணமும் அதிகாரத்தில் சேராது. தேதி, நேரம், வண்டி எண் குறித்து வைத்திருந்தால், புதன்கிழமைகளில் எஸ்.பி. அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள், நேரில் கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு வருடத்துக்குள் எழுதலாம். அடுத்த முறை பணம் கொடுக்காதீர்கள். ஒரு முறை கொடுத்தால் அந்த இடத்துக்கு வாடகை வைத்த மாதிரி.

நாட்டில் எவ்வளவோ குற்றம் இருக்கும்போது, பண்பாட்டுக்கு ஒவ்வாத இவர்களுக்குப் போலீஸ் எதற்குச் சலுகை காட்ட வேண்டும்?

உங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட் திருட்டுப் போனால், நீங்கள் யாரோடு வாழ்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டா ரைட்டர் மனு எழுதுகிறார்? அவர்கள் கேட்பதும் அந்த ரசீதுதான்.

என் துணை கேரளப் பக்கம் பாறசாலைக்காரி. அவளை வீட்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். நான் களியக்காவிளை. இங்கே போனால் அங்கே போ என்கிறார்கள், அங்கே போனால் நீ யார் என்கிறார்கள்.

எல்லையில் இருப்பவர்களின் பழைய சாபம் இது. கோழி திருடினவனைக்கூட இரண்டு மாநிலமும் வேண்டாம் என்னும்.

எந்த ஸ்டேஷனும் எல்லையைக் காரணம் காட்டிப் புகாரைத் திருப்ப முடியாது. பூஜ்ய எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும், புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அடைத்து வைத்திருக்கும்போது எஃப்.ஐ.ஆருக்காகக் காத்திருக்காதீர்கள். ஆட்கொணர்வு மனுதான் வேகமான வழி. அவள் இருப்பது கேரளத்தில் என்பதால் எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றம். நம் மாவட்டத்துக்குள் இருந்தால் மதுரைக் கிளை. வழக்கறிஞருக்கு வழியில்லை என்றால் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள்.

‘நீ யார்’ என்ற கேள்விக்கு 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில். துணையோ தோழியோ மனுப் போட்டால் உறவைத் தோண்டித் துருவக் கூடாது. அடைபட்டவரை வீட்டார் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும். மனதை மாற்றும் ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது. 2025 மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றம் இப்படித் தோழி போட்ட மனுவில் 25 வயதுப் பெண்ணை வீட்டாரிடமிருந்து விடுவித்தது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று எழுதியதோடு, போலீஸின் அசட்டையையும் கண்டித்தது. இரண்டு தீர்ப்பின் நகலையும் வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள்.

எங்கள் கடற்கரை ஊரில் எதுவானாலும் முதலில் ஊர்க் கமிட்டிக்குத்தான் போக வேண்டும். ஸ்டேஷனிலும் ‘கமிட்டியில் பேசிவிட்டு வா’ என்கிறார்கள்.

வலை அறுந்த தகராறுக்குக் கமிட்டி நல்லது, பல சண்டைகளை வழக்காகாமல் தடுத்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் கமிட்டி என்றால் நாற்பது பேருக்கு முன்னால் நிற்பது. ‘பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம், எஃப்.ஐ.ஆர். போட வேண்டும்’ என்று சொல்லுங்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயம் ஆக்கிவிட்டது. மறுத்தால் அதே மனுவை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், பிறகு மாஜிஸ்திரேட்.

அம்மா, நானும் போலீஸ்காரன்தான். நானும் அப்படித்தான். ரோந்து வண்டியில் இவர்களைப் பற்றி ஜோக் சொல்லும்போது நானும் சிரிக்கிறேன்.

உங்களை வெளியே வரச் சொல்ல மாட்டேன், தம்பி. அது உங்கள் கணக்கு. சிரிக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்தால் யாரும் கேட்கப்போவதில்லை. உங்கள் ஸ்டேஷனுக்கு யாராவது தயங்கி வந்தால் அந்த மனுவை நீங்கள் வாங்குங்கள். பேச வேண்டும் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள்.

அக்கா, ஆரல்வாய்மொழி விஷயம் எழுதியவன்தான். நேற்றுப் போனேன். ரைட்டர் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ‘இந்தச் செயலியின் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது?’ என்று கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். இரண்டு முறை அடித்துத் திருத்தினார். ரசீது கொடுத்திருக்கிறார்.

ரசீதில் எண், தேதி, அலுவலக முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். படம் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்புங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டதும் நகல் இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். செயின் வாங்கிய நகைக்கடை பில்லைத் தேடி எடுத்து வையுங்கள், அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.